இது தேர்வு அல்ல

மே 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அத்தானுக்குத்தான் கண் மங்கிக்கொண்டே போகிறது. நேற்று ஒரு தச்சர் மூன்று அங்குல ஆணி கேட்டார். இவர் அரை அங்குல ஆணியை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் பாதி வழியில் திரும்பி வந்து, "அண்ணே, இத வச்சுக் கதவு அடிக்க முடியாது, காலண்டர்தான் மாட்டலாம்" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. உன் இருமல் நின்றதா?

நல்ல செய்தி. பொடிசுக்கு இடம் கிடைத்துவிட்டது. நீ வேலை பார்க்கிற அதே பல்கலைக்கழகத்தில், புள்ளியியல். போனிலேயே சொல்லியிருப்பேன். கடைப் போனில் பேசினால் பெயின்ட் வாங்க வந்தவன்கூடக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பான். அதனால்தான் வழக்கம்போல எழுதுகிறேன்.

உன் அத்தானைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்லாவில் உட்காரக் கண் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறார். அதில் பொய்யும் இல்லை. கடைசியில், "நாலு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கேட்டாலும் கடைக்கு வந்து உக்காந்துடணும். அப்புறம் ரெண்டு பேரும் மூக்கைச் சிந்தக் கூடாது" என்றார். பொடிசு உடனே, "சரிப்பா, கை குடுங்க" என்று கையை நீட்டினாள். இவரைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்துவிட்டாள், இன்னும் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறோம்.

சேர்க்கைக் கடிதத்தோடு இன்னொரு தாளும் வந்திருக்கிறது. ஜூன் மாதம் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுத வேண்டுமாம். "படிக்கிறதுக்கு முன்னாடியே வேலைக்கு எடுக்குறாங்களா?" என்று கேட்கிறார் உன் அத்தான். நீதான் அந்தத் தேர்வு நடக்கிற இடத்திலேயே இருக்கிறாயே, விவரமாக எழுது. கணக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கடையில் நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் அவள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். ஆங்கிலத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அவள் எழுதுகிற அறையில் நீ இருந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். முடியுமா?

வேளைக்குச் சாப்பிடு. சீக்கிரம் பதில் போடு.

அக்கா

*

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அத்தானைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போ. அவர் வர மாட்டார் என்று எழுதாதே, கூட்டிப் போ.

பொடிசு இங்கே வரப் போகிறாள் என்று படித்ததும் மாடி அறைக்குள்ளேயே இரண்டு தரம் நடந்தேன். நடப்பதற்கு அவ்வளவுதான் இடம் இருக்கிறது.

இது வேலைக்கு எடுக்கிற தேர்வு இல்லை. புதிதாக வருகிறவர்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கிற தேர்வு. நன்றாகச் செய்தால் நேராகப் பட்டப் படிப்பின் பாடம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் அடித்தள வகுப்பு, அதன் பிறகுதான் மற்றது. அப்போது நாலு வருஷம் ஐந்தாகும். அத்தானிடம் இதை இப்போதே சொல்ல வேண்டாம்.

அறையில் முப்பது கணினிகள், ஒரு சுவர்க் கடிகாரம், எப்போதும் சொட்டுகிற ஏசி, அதன் கீழே ஒரு வாளி. தொடங்குமுன் நான் ஒரு தாளை வாசிக்க வேண்டும். "இது தேர்வு அல்ல. இதில் தேர்ச்சியோ தோல்வியோ கிடையாது. உங்களுக்குப் பொருத்தமான வகுப்பை அறிவதற்கான அளவீடு மட்டுமே." ஒரு நாளைக்கு மூன்று தரம் வாசிக்கிறேன். சில நாள் பல் துலக்கும்போதுகூட வாய் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசிக்கும்போது பிள்ளைகளின் தோள்கள் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும். முடிவு வந்த பிறகு அடித்தள வகுப்புக்குப் போகிறவர்களையும் நான்தானே பார்க்கிறேன்.

கேள்வி எப்படி வரும் என்று மட்டும் கேட்காதே. வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு அவளைத் தினமும் ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல். புரியாத சொல்லில் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்.

அந்த அறையில் நான் இருக்க முடியாது அக்கா. சொந்தக்காரர் எழுதுகிற அறையில் கண்காணிப்பாளராக நிற்கக் கூடாது என்பது விதி. போன வருஷம் எங்களோடு வேலை பார்த்த ஒருவர் தன் மைத்துனர் மகன் எழுதிய அறையில் நின்றுவிட்டார். ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். பிறகு அவரே போய் மேலாளரிடம் சொன்னார். அந்தப் பையனுக்கு மறுபடி தேர்வு வைத்தார்கள். இவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலைதான், உனக்குத் தெரியும்.

பொடிசுக்கு என் முத்தம். வேண்டாம் என்று முகத்தைத் துடைத்துக்கொள்வாள், பரவாயில்லை.

பாப்பா

*

மே 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னதற்காகக் கண் டாக்டரிடம் போனோம். அறுவை செய்தாலும் பாதிதான் திரும்புமாம். இவர் வெளியே வந்து, "பாதி போதும், ஆணியோட தலை தெரிஞ்சா சரி" என்றார். நீ சௌக்கியமாக இரு.

பொடிசு தினமும் உரக்கப் படிக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள், "என்னம்மா, வெளிநாட்டு ரேடியோவா?" என்று கேட்கிறார்கள். ஆனால் ராத்திரி நகத்தைக் கடிக்கிறாள். அவள் இதுவரை கணினியில் தேர்வு எழுதியதே இல்லை. தெரியாத ஊர், தெரியாத முகம்.

நீ எழுதின விதி எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பார். உன் பேர் வேறு, அவள் பேர் வேறு. ஜாடையும் அவளுக்கு அப்பா ஜாடை. யாருக்குத் தெரியப் போகிறது? நீ ஒன்றும் சொல்லித் தர வேண்டாம். ஒரு தரம் நிமிர்ந்தால் உன் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலை கிடைக்கும் முன் நீ ஒடிந்துபோய் இங்கே வந்து இருந்த அந்த நாட்களில் அவள்தான் உன் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். சித்தி தூங்கும்வரை நான் தூங்க மாட்டேன் என்பாள், அவளே முதலில் தூங்கிவிடுவாள். சொல்லிக் காட்டவில்லை. துணி மடிக்கும்போது சும்மா நினைவு வந்தது.

முடியாது என்றால் விட்டுவிடு. மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானிடம் பாதியாவது திரும்பட்டும் என்று நான் சொன்னதாகச் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

பொடிசுக்கு மூன்றாம் அறை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றாம் அறை. மூன்றாம் அறை என் பக்கத்து மேசைக்காரிக்கு; அவளுக்கு அங்கே ஏசி குளிர் ஆகாது. "மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "நீ நல்லா இருப்ப" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்னவோ அவளுக்குத்தான் உதவி செய்துவிட்ட மாதிரி.

பொடிசிடம் இதைச் சொல். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பேசக் கூடாது. நானும் அவளை யாரோ போலத்தான் பார்ப்பேன். முடிந்ததும் நேராக வெளியே போய்விட வேண்டும். அத்தான் வாசலில்தான் நிற்க வேண்டும், என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வரக் கூடாது.

இந்த வேலை கிடைத்த அன்று நீதான், "இப்பதான் உன் மூஞ்சியில ரத்தம் ஓடுது" என்று சொன்னாய். நானும் சொல்லிக் காட்டவில்லை.

பாப்பா

*

ஜூன் 28

என் கண்ணு பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு ஒரு கண்ணில் அறுவை முடிந்துவிட்டது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார். கட்டியே வைத்திருக்கலாம்.

பொடிசு வந்ததிலிருந்து ஒரே பேச்சு. ஆங்கிலம் பயந்த மாதிரி இல்லையாம். புரியாத சொல்லில் நிற்காதே என்று நீ சொன்னதுதான் கை கொடுத்ததாம். கணக்குதான் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டதாம். "மொதல்ல ஈஸியா வந்துச்சும்மா. அப்புறம் போகப் போக ஒவ்வொண்ணும் மலை மாதிரி. எங்க ஸ்கூல்ல அதெல்லாம் நடத்தவே இல்ல. நிமிந்து சித்தியப் பார்த்தேன். சித்தி சட்டுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. என்னமா நடிக்கிறாங்க!" என்று சொல்லிச் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு நிதானமாக யோசித்து யோசித்துப் போட்டாளாம். கொஞ்ச நேரத்தில் கேள்வியெல்லாம் எளிதாகிவிட்டதாம். கடைசிக் கேள்விகள் எட்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருந்ததாம். "முடிச்சிட்டேம்மா, நல்லா முடிச்சிட்டேன்" என்கிறாள்.

உன்னால்தான் பாப்பா. நீ அங்கே நின்றதே போதும். உனக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

அக்கா

*

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு ஒரு கண் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். மற்ற கண்ணுக்கு எப்போது?

இங்கே மாடிக் குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. கீழே போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறேன். அலுவலகத்தில் இன்னும் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வாளியை மட்டும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கடைசிக் கேள்விகள் எட்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருந்தது என்று பொடிசு நிச்சயமாகச் சொன்னாளா?

முடிவு பத்தாம் தேதி வாக்கில் தபாலில் வரும். அதற்குள் யாரிடமும் ஒன்றும் சொல்லிவிடாதே. அத்தானிடமும்.

பாப்பா

*

ஜூலை 13

பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? முடிவு வந்தது. ஆங்கிலத்தில் மேல் வகுப்பு, நேரடியாக. கணக்கில் அடித்தளம். அதிலும் கீழ்ப்பிரிவு என்று போட்டிருக்கிறது.

உன் அத்தான்தான் உறையைப் பிரித்தார். புதுக் கண்ணால் அவர் படித்த முதல் காகிதம் இதுதான். படித்துவிட்டு மடித்துக் கல்லாவில் வைத்தார். "அப்ப அஞ்சு வருஷம்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. பொடிசு, "இல்லப்பா, ஏதோ தப்பா வந்திருக்கு" என்றாள். "மெஷின் போட்ட மார்க்குல என்னம்மா தப்பு வரும்?" என்றார். ஒரு பருவம் மட்டும் போய்ப் பார்க்கட்டும், அதற்குள் அவர்களே தவறைத் திருத்தினால் சரி, இல்லாவிட்டால் வந்துவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது.

அவளுக்கா கணக்கு வராது? எனக்குப் புரியும்படி சொல். என்ன நடந்தது? மறுபடி எழுத வழி உண்டா? இரண்டுக்கும் பதில் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் சொல்லாமல் இருந்ததை இப்போது சொல்கிறேன், சொல்லிப் பயனில்லாதபோது. அந்தக் கணினி எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. சரியான விடை போட்டால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். தவறாகப் போட்டால் எளிதாக வரும். கேள்வி மலை மாதிரி வந்தால் நாம் மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எளிதாகிக்கொண்டே வந்தால் இறங்குகிறோம். எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் கேள்வியைப் பார்த்தே கணக்குப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்வார்கள் என்கிறார்கள்.

பொடிசு நிமிர்ந்து பார்த்தபோது நான் அவளுக்குப் பின்னாலிருந்து சுற்றி வந்து முன்பக்கம் நின்றிருந்தேன். வரும் வழியில் அவள் திரையைப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வி வரைக்கும் ஏறியவர்களை இந்த வருஷம் நான் அதிகம் பார்க்கவில்லை அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மூலையில் மேலாளர் வேறு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மறுதேர்வு பற்றிக் கேட்டிருந்தாய். எழுதும்போது உடம்புக்கு முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது மின்சாரம் நின்றிருக்க வேண்டும். அன்று இரண்டும் நடக்கவில்லை.

அடித்தள வகுப்பு என்பது அவமானம் இல்லை. நிறையப் பேர் அங்கிருந்து நன்றாக வந்திருக்கிறார்கள். அத்தானிடம் எடுத்துச் சொல்.

பாப்பா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் பொடிசுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடையில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன், இல்லம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நீ சிரித்தே இருக்கலாம்.

வகுப்பு ஆரம்பித்துவிட்டதாம். பின்னம் நடத்துகிறார்களாம். பாதியும் காலும் கூட்டினால் முக்கால் என்று ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறார்களாம். பக்கத்துப் பெண்ணுக்கு இவள்தான் விளக்குகிறாளாம். அந்தப் பெண், "நீ எதுக்கு இங்க வந்த?" என்று கேட்டதாம். ஒரே வளாகத்தில் இருந்தும் நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்வதில்லையாமே. கொஞ்ச நாள் யாரும் நம்மைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று நீ சொன்னதாகச் சொன்னாள். சரிதான். நீ சொன்னால் காரணம் இருக்கும்.

மறுதேர்வுக்கு மனுக் கொடுப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்களாம். சும்மா சொன்னேன்.

வேறு ஒன்றும் இல்லை. நீ போன வருஷத்துப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தாயே, மாமா நின்ற அறையில் எழுதினானே, அவன் இப்போது எப்படிப் படிக்கிறான்?

மழைக்காலம் வருகிறது. மறுபடி இருமலை வரவழைத்துக்கொள்ளாதே.

அக்கா

*

செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் வந்துவிட்டது. பயப்படும்படி இல்லை. அத்தானின் இரண்டாவது கண் என்ன ஆயிற்று?

வேலை அதிகம், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. மாடியில் குழாயைச் சரி செய்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறாள். வெளிர் நீலம் அடிக்கலாமா வெள்ளையா என்று தெரியவில்லை. உனக்கு எது பிடிக்கும்?

பொடிசை ஒரு நாள் தூரத்திலிருந்து பார்த்தேன். நூலகப் படியில் நின்று ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த மாதிரி இல்லை.

பின்னத்தில் ஆரம்பித்தாலும் போகப் போகக் கடினமாக்குவார்கள். அவள் தாங்கிக்கொள்வாள்.

பதில் எழுது.

பாப்பா

*

டிசம்பர் 15

அன்புள்ள சித்திக்கு,

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பருவம் முடிந்தது. அடித்தள வகுப்பில் நான்தான் முதல். அப்பாவிடம் தாளைக் காட்டினேன். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்து கல்லாவில் இடம் விட்டார். இரண்டாவது கண் சரியாக வரவில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் பார்க்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கை கொடுத்தது நான்தானே.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசியில் நானே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். நீங்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். மறுதேர்வு வேண்டும் என்று ஜன்னலில் இருந்த அலுவலரிடம் கேட்டேன். அவர் நல்ல மாதிரி. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதறப்ப உடம்பு சரியில்லாமப் போச்சா?" என்றார். இல்லை என்றேன். "கரன்ட் போச்சா?" இல்லை என்றேன். "சரி, அந்த ரூம்ல ட்யூட்டி பார்த்தவங்க யாராச்சும் உனக்குச் சொந்தமா? அப்படீன்னா இப்பவே சொல்லு, நாளைக்கே எழுத விடுவாங்க."

உங்கள் கடிதத்தைப் படித்து அம்மா சொன்னது இரண்டு காரணம்தான். மூன்றாவது ஒன்று இருப்பது அந்த அலுவலர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். உங்கள் நாற்காலி அவருக்குப் பின்னால் இருந்தது. அதன் முதுகில் உங்கள் பழுப்புச் சால்வை கிடந்தது. நம் வீட்டில் இருந்தபோது நீங்கள் போர்த்திக்கொண்டே கிடப்பீர்களே, அதே சால்வை.

"யாரும் இல்லைங்க" என்றேன்.

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று தாளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

நீங்கள் திரும்பியது சிரிப்பை மறைப்பதற்கு என்று அம்மா சொன்னார்கள். அந்த முகத்தை எவ்வளவோ நினைத்துப் பார்க்கிறேன் சித்தி. சிரிக்கிற மாதிரி வரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் திரும்பினதும் நான் போட்டதெல்லாம் தப்பு என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு மனசில் முதலில் வருகிற விடையை விட்டுவிட்டு, அதுவாக இருக்காது என்று அடுத்ததைப் போட்டேன். கேள்வி எளிதாக ஆக ஆக, பிழைத்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடையில் எல்லோரும் என்னிடம்தான் மொத்தம் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் சொன்ன பிறகு ஒரு தரம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள்.

பொடிசு

*

ஜனவரி 19

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ பதில் எழுத வேண்டியிருக்கும். ஐந்து மாதமாக நீ எழுதவில்லை. நான் கேட்டதெல்லாம் சுண்ணாம்பின் நிறம்தான், அதற்கு என்ன எழுதுவாய்? வெள்ளையே அடித்துவிட்டார்கள்.

பொடிசு எனக்கு ஒரு கடிதம் போட்டாள். அதில் உள்ளதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். நீ அவளைக் கேட்காதே. அவள் என்னைவிட நல்லவள் என்பதைத் தவிர நீ தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. அதுவும் உனக்குத் தெரிந்ததுதான்.

என் வேலையை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். போன வாரம் கையெழுத்துப் போட்டேன். மேலாளர், "உங்க மேல ஒரு சின்னப் புகார்கூட வந்தது கிடையாது" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். பக்கத்து மேசைக்காரி கை தட்டினாள்.

அடுத்த பருவத்துப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். தாளை வாசித்து முடித்ததும் இப்போது நான் அறையின் பின்பக்கம் போய், வாளி இருக்கிற மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். நேற்று ஒரு பெண் நடுவில் நிமிர்ந்து முன்பக்கம் தேடினாள். அங்கே யாரும் இல்லை. மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் மாதம் நீ ஒன்று கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் நான் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். இன்று காலை பதிவேட்டு அறைக்குப் போய் விசாரித்தேன்.

மறுதேர்வு எழுதிய அந்தப் பையன் இரண்டாம் வருஷம் போய்விட்டான் அக்கா. நன்றாகப் படிக்கிறானாம்.

பாப்பா